மகனின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு சூதாடி

வாசகரின் கடிதம், சுருக்கமாக

சிங்கப்பூரின் வடக்கு வட்டாரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் 45 வயதுத் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இவருடைய மகனுக்கு 17 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிறான். சனிக்கிழமைதோறும் நண்பர்கள் நான்கு பேரோடு புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு ஒன்றை ஆடுகிறான். ஆளுக்கு ஒரு பாத்திரம். இவன் உருவாக்கியிருப்பவன் தாயன், ஊர் ஊராகப் போகும் பதினாறு வயது சாகசக்காரன். தாயனுக்கு மந்திரம் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் எதையாவது பந்தயம் வைத்துத் தாயக்கட்டையை உருட்டினால்தான் மந்திரம் எழும். அதிர்ஷ்டம் இருந்தால் பலிக்கும்.

மகன் குளிக்கப் போன நேரத்தில் அம்மா அவன் பையிலிருந்து நோட்டை எடுத்துப் படித்துவிட்டார். இன்னும் திருப்பி வைக்கவில்லை. அதில் “தோற்றால் இரட்டி வை” என்று ஒரு வரி. ஓரத்தில் நிறையக் கணக்கு. 1,023 என்ற எண்ணைச் சுற்றி மூன்று வட்டம். இன்னோர் இடத்தில், “ஊர் பிழைத்தது. தாயனுக்கு அம்மாவின் தாலாட்டு மறந்துபோனது.” அதே வாரம் கடன்பற்று அட்டைக் கணக்கைப் பார்த்தபோது, மூன்று மாதங்களில் 412 வெள்ளி கைத்தொலைபேசி விளையாட்டு ஒன்றுக்குப் போயிருப்பது தெரிந்தது.

இவரது பயத்துக்குப் பின்னால் ஒரு தம்பி இருக்கிறார். 4டி என்ற நான்கு இலக்க லாட்டரி எடுப்பதில் தொடங்கி, சூதாட்டக் கூடம் வரை போய், ஆலோங்கிடம், அதாவது சட்டவிரோதமாக வட்டிக்கு விடுபவரிடம், கடன் வாங்கி, அக்காவின் முகவரியைக் கொடுத்துவிட்டார். ஒரு நாள் காலையில் வீட்டுக் கதவில், கடனைக் கேட்டு மிரட்டும் விதமாக, சிவப்புச் சாயம் ஊற்றப்பட்டிருந்தது. அப்போது மகனுக்குப் பதினொரு வயது. தம்பியோடு இவர் பேசி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். மகன் எட்டு வயதில் விளையாட்டாகச் சொன்ன நம்பருக்கு அந்த மாமா 4டியில் ஐந்து வெள்ளி ‘பிக்’ (எந்தப் பரிசு விழுந்தாலும் பணம் தரும் பந்தய வகை) வைத்தார். இரண்டாம் பரிசு விழுந்து 5,000 வெள்ளி கிடைத்தது. அன்றிலிருந்து வீட்டில் அவனுக்குக் ‘கைராசிக்காரன்’ என்று பெயர். அப்பா இன்றும் சில நாள் அவனிடம் நம்பர் கேட்பதுண்டு.

இவருடைய கேள்விகள்: நோட்டை எரித்துவிடலாமா? அந்த நண்பர்களைத் தடுக்கலாமா? கீழ்த்தளத்தில் பகடை உருட்டினால் போலிஸ் பிடிக்குமா? மகன் சூதாட்டக் கூடத்துக்குள் நுழையாதபடி இப்போதே தடை வாங்கலாமா? 412 வெள்ளி திரும்பக் கிடைக்குமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நோட்டை எரிக்காதீர்கள். மற்ற எதையும் பிறகு பேசிச் சரிசெய்யலாம், எரித்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்பதால் இதை முதலிலேயே சொல்கிறேன்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. கதவிலிருந்து சாயத்தைச் சுரண்டி எடுத்த கை உங்களுடையது. அண்டை வீட்டாரின் முகத்தைப் பார்க்க முடியாமல் மின்தூக்கிக்குக் காத்திருந்ததும் நீங்கள்தான். அந்த அனுபவத்துக்குப் பிறகு மகனின் கையெழுத்தில் ‘பந்தயம்’ என்ற சொல்லைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் பதற்றத்தில் நீங்கள் இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நோட்டு வேறு, 412 வெள்ளி வேறு. முதலாவதில் நீங்கள் பயப்பட ஒன்றும் இல்லை, கவனித்துப் படிக்க நிறைய இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி மகனோடு தெளிவாகப் பேசியாக வேண்டும்.

கீழ்த்தளத்தில் நடப்பது சூதாட்டமா?

இல்லை. 1974இல் அமெரிக்காவில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டோடு பரவிய வகை இது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். பெரும்பாலும் இருபது பக்கப் பகடை, ஒவ்வொரு பக்கத்துக்கும் 5 சதவீத வாய்ப்பு. யாரும் காசு வைப்பதில்லை, யாரும் காசு எடுத்துக்கொண்டு போவதுமில்லை. சட்டம் சூதாட்டம் என்று பார்ப்பது பணத்தையோ பண மதிப்புள்ளதையோ பந்தயம் வைப்பதை. பகடை கையில் இருப்பது குற்றமாகாது. உங்கள் மகனும் நண்பர்களும் போலிஸைப் பார்த்து ஒளிய வேண்டிய எதையும் செய்யவில்லை.

சூதாடியாக வேஷம் போட்டால் சூதாடி ஆகிவிடுவானோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூத்தில் விடிய விடியச் சகுனியாக ஆடுகிறவர் காலையில் அரிதாரத்தைக் கழுவிவிட்டுத் தன் வயலுக்குத்தான் போகிறார். பிள்ளைகளுக்கும் அந்த வித்தியாசம் தெரியும். சொல்லப்போனால், பதினேழு வயதில் வாரம் தவறாமல் நான்கு பேரோடு முகம் பார்த்து உட்கார்ந்து, தமிழ்ப் பெயர் வைத்த ஒரு பாத்திரத்துக்காக நோட்டு முழுக்க எழுதும் பையனைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சிதான். அந்த நண்பர்களைத் தடுக்காதீர்கள். மனத்தில் ஏதாவது கனமாக இருந்தால் அவன் முதலில் சொல்லப்போவது அவர்களிடமாகவும் இருக்கலாம்.

அந்த 1,023

இந்த எண் என்னவென்று புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளி பந்தயம் வைத்துத் தோற்றால் இரண்டு, அதிலும் தோற்றால் நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டே போனால், பத்து முறை தொடர்ந்து தோற்கும்போது கையை விட்டுப் போன மொத்தம் 1,023. ஒரு வெள்ளி ஜெயிக்க ஆரம்பித்தவன் அங்கே வந்து நிற்கிறான்.

‘ஒரு தடவை ஜெயித்தால் எல்லாம் திரும்பிவிடும்’ என்று உங்கள் தம்பி சொல்லிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியம் ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை உங்கள் மகன் தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, மூன்று வட்டம் போட்டிருக்கிறான். நீங்கள் திட்டம் என்று பயந்த வரியை நான் எச்சரிக்கையாகப் படிக்கிறேன்.

நளன் கதையில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். சூதில் நாட்டைத் தோற்றுத் தேரோட்டியாக வேலை பார்க்கும் நளனுக்கு, இருதுபன்ன அரசன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் காய்களின் எண்ணிக்கையைச் சொல்லிக் காட்டுகிறான். குதிரை ஓட்டும் வித்தைக்கு ஈடாக நளன் அந்த எண்ணும் வித்தையைக் கற்றுக்கொள்கிறான். அதன் பிறகுதான் அவனைப் பிடித்த கலி விலகுகிறது. கலியை நாம் நன்றாக நினைவு வைத்திருக்கிறோம், எண்ணக் கற்றுக்கொண்டதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். உங்கள் மகன் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

கைராசி என்ற பாரம்

இனி நான் சொல்லப்போவது ஊகம். உங்கள் மகனை நான் பார்த்ததில்லை, கடிதத்தை வைத்து ஒரு பிள்ளையின் மனத்தை உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஆனால் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

தாயன் உருட்டுவது தனக்காக அல்ல என்பதைக் கவனித்தீர்களா? நீங்கள் எடுத்து எழுதிய மூன்று பகுதிகளிலும் ஊரார் வந்து கேட்கிறார்கள், இவன் உருட்டுகிறான். ஊர் பிழைக்கிறது. ஒவ்வொரு முறையும் தாயன் தன் நினைவுகளில் ஒன்றை இழக்கிறான். ஏன் இவ்வளவு சோகமாக எழுதுகிறான் என்று கேட்டிருந்தீர்கள்.

எட்டு வயதுப் பையன் ஒரு நம்பர் சொன்னான், 5,000 வெள்ளி வந்தது. வீடே தூக்கிக் கொண்டாடியது. அடுத்த மூன்று ஆண்டுகள் மாமா வரும்போதெல்லாம் ‘டேய் கைராசி, ஒரு நம்பர் சொல்லு’ என்று கேட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பர்கள் விழவில்லை. பிறகு ஒரு காலையில் கதவு முழுக்கச் சிவப்பு. மாமா வருவது நின்றுபோனது. பெரியவர்கள் காரணத்தை அறைக்குள் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகள் இப்படிப்பட்ட நேரத்தில் பழியைத் தங்கள் மேலேயே போட்டுக்கொள்வதை என் ஆலோசனை அறையில் பல முறை கண்டிருக்கிறேன். ‘நான் சரியான நம்பர் சொல்லியிருந்தால் மாமாவுக்கு இப்படி ஆகியிருக்காது’ என்று அந்தப் பதினொரு வயதுப் பையன் நினைத்திருந்தால், அதை யாரிடம் சொல்லியிருப்பான்?

4டி கணக்கை அவனோடு சேர்ந்து ஒரு முறை போட்டுப் பாருங்கள். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒரு குலுக்கலில் பரிசு பெறுபவை 23. ஒரு வெள்ளி ‘பிக்’ வைத்தால் முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, அப்புறம் 250 வெள்ளியில் பத்து, 60 வெள்ளியில் பத்து. எல்லாவற்றையும் கூட்டிப் பத்தாயிரத்தால் வகுத்தால், வைக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாகத் திரும்புவது சுமார் 66 காசு. யார் நம்பர் சொன்னாலும் இதே கணக்குத்தான். எட்டு வயதுப் பிள்ளை சொன்னதும் பேருந்து எண் பலகையில் பார்த்ததும் ஒன்றே. அன்று விழுந்ததற்கு அவன் காரணம் இல்லை, பிறகு விழாமல் போனதற்கும் அவன் காரணம் இல்லை. இதை உங்கள் வாயால் அவன் கேட்க வேண்டும்.

உங்கள் கணவரிடமும் பேசுங்கள். அவர் எடுக்கும் இரண்டு வெள்ளியைப் பற்றிச் சண்டை போடச் சொல்லவில்லை. மகனிடம் நம்பர் கேட்பதை மட்டும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ‘சும்மா விளையாட்டுக்குத்தானே’ என்பார். அந்த விளையாட்டு வீட்டில் எங்கே முடிந்தது என்பது அவருக்கும் தெரியும். சிங்கப்பூரில் சூதாடுவதற்கான குறைந்தபட்ச வயது 21 என்றாலும், அதிகாரபூர்வ லாட்டரி நிறுவனமான சிங்கப்பூர் பூல்ஸின் கடைகளில் நேரில் 4டி, டோட்டோ லாட்டரிகளை வாங்க 18 போதும். அடுத்த ஆண்டு அவனுக்கு 18 ஆகும்போது, ‘கைராசிக்காரன் நீயே போய் எடுத்துட்டு வா’ என்ற பேச்சு வீட்டில் எழக்கூடாது.

412 வெள்ளி

இங்கேதான் என் கவலை. தாயன் உருட்டும்போது என்ன பந்தயம், தோற்றால் என்ன போகும் என்பது மேசையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். கைத்தொலைபேசி விளையாட்டில் அப்படி இல்லை. நீங்கள் அனுப்பிய விவரத்தைப் பார்த்தால் இது ‘காச்சா’ வகை. ஜப்பானில் காசு போட்டுத் திருகினால் உருண்டைக்குள் பொம்மை விழும் இயந்திரத்திலிருந்து வந்த பெயர். வெள்ளியைக் கொடுத்து வைரக் கற்கள் வாங்க வேண்டும், கற்களைக் கொடுத்துக் குலுக்கல் இழுக்க வேண்டும், அரிய பாத்திரம் வந்தாலும் வரலாம். வெள்ளி கல்லாக மாறியதும், எவ்வளவு செலவழித்தோம் என்பது மனத்தில் தங்குவதில்லை. அப்படித்தான் அது அமைக்கப்பட்டிருக்கிறது.

‘நூறு தடவை இழுத்தால் கண்டிப்பாக வரும்னு சொல்றான்’ என்று எழுதியிருந்தீர்கள். ஒரு இழுப்புக்கு 1 சதவீத வாய்ப்பு என்றால், நூறு முறை இழுத்தும் வராமல் போக சுமார் 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இது உங்களுக்கே தெரிந்த சங்கதி. உங்கள் அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டை வீட்டில் இருப்பதாகச் சொன்னீர்களே, அதையே எடுங்கள். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம். தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. அதனால் எட்டு முறை உருட்டினால் ஒரு முறை விழுந்தே தீரும் என்று தோன்றும். ஆனால் எட்டு முறை உருட்டியும் விழாமல் போக சுமார் 34 சதவீத வாய்ப்பு. காய் இறங்காமல் கட்டத்துக்கு வெளியே காத்திருந்த மத்தியானங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். ஏழு முறை விழவில்லை என்பது கட்டைக்குத் தெரியாது. சில விளையாட்டுகளில் இத்தனை இழுப்புக்குப் பிறகு உறுதியாகக் கிடைக்கும் என்று ஒரு விதி இருக்கும். இவன் ஆடுவதில் அது உண்டா, அதுவரை போக எத்தனை வெள்ளி ஆகும் என்று கேளுங்கள். இப்படி விற்கும் விளையாட்டுகள் வாய்ப்பு விகிதத்தை வாங்கும் முன்பே காட்ட வேண்டும் என்று ஆப்பிள் 2017 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து, அவனையே வெள்ளிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 1,023 கண்டுபிடித்தவனுக்கு இது கஷ்டம் இல்லை.

பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எந்தச் செயலிக் கடை வழியாக வாங்கினானோ அங்கேயே விண்ணப்பியுங்கள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். வங்கியை அழைத்து ‘யாரோ மோசடி செய்துவிட்டார்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அது உண்மை இல்லை, விசாரணை என்று வந்தால் விரல் உங்கள் மகனை நோக்கித்தான் நீளும். அட்டை விவரத்தைத் தொலைபேசியிலிருந்து நீக்கிவிடுங்கள், அல்லது ஒவ்வொரு வாங்குதலுக்கும் உங்கள் ஒப்புதல் தேவைப்படும்படி அமையுங்கள்.

கேட்காமல் அம்மாவின் அட்டையைப் பயன்படுத்தியது தவறு. அதைத் தவறு என்றே சொல்லுங்கள், மழுப்ப வேண்டாம். மாதம் 30 வெள்ளி என்று அவனே திருப்பிக் கட்டட்டும், ஏறக்குறைய 14 மாதத்தில் முடியும். ஆனால் அந்தப் பேச்சில் மாமாவின் பெயரை இழுக்காதீர்கள். ‘நீயும் அவனை மாதிரியே ஆகப் போற’ என்ற ஒரு வரி போதும், அவன் அடுத்த முறை மறைத்துச் செய்வான்.

சரி, எப்போது இது பெரிய பிரச்சினை? செலவை மறைத்துப் பொய் சொல்வது, நண்பர்களிடம் கடன் கேட்பது, போன காசைப் பிடிக்க இன்னும் போடுவது, ஆட முடியாதபோது எரிந்து விழுவது, தூக்கமும் வகுப்பும் கெடுவது. இவற்றில் சில சேர்ந்து தெரிந்தால் காத்திருக்காமல் ஓர் ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். தாயன் உயிரையே பந்தயம் வைக்கும் பகுதி ஒன்று இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது கதையாகவே இருக்கலாம். இருந்தாலும் ‘உனக்கு வாழவே பிடிக்காம போன நாள் ஏதாவது இருக்காப்பா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், தற்கொலைத் தடுப்புக்கு உதவும் எஸ்.ஓ.எஸ். அமைப்பின் 1767 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

சூதாட்டக் கூடத் தடை

மகனுக்கு இப்போது தேவையில்லை. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அங்கே உள்ளே விடுவதில்லை. இந்தத் தடையை வயது வந்த ஒருவர் தனக்குத் தானே கேட்டு வாங்கலாம், சூதாட்டத்தால் குடும்பம் பாதிக்கப்பட்டால் நெருங்கிய குடும்பத்தினரும் விண்ணப்பிக்கலாம். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் இதைக் கவனிக்கிறது. அதன் உதவி எண் 1800-6-668-668. சூதாடுபவர் மட்டுமல்ல, அவருடைய வீட்டாரும் அழைக்கலாம்.

இந்த எண்ணை உங்கள் மகனுக்காகக் கொடுக்கவில்லை. தம்பியைப் பற்றி நீங்கள் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தில் நான்கு இடங்களில் அவர் பெயரை எழுதி, எழுதி, அடித்திருக்கிறீர்கள். அவரை வீட்டுக்கு அழைக்கச் சொல்லவோ கடனை ஏற்கச் சொல்லவோ மாட்டேன், உங்கள் கதவைக் காக்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த ஆறு ஆண்டுகளைப் பற்றி நீங்களும் ஒருவரிடம் பேசலாம் என்றுதான் சொல்கிறேன்.

நோட்டைத் திருப்பிக் கொடுப்பது

பையில் தெரியாமல் வைத்துவிடாதீர்கள். கையில் கொடுங்கள். ‘உன்னைக் கேட்காம எடுத்துப் படிச்சுட்டேன், அது தப்பு, மன்னிச்சுக்கோ’ என்று சொல்லுங்கள். அவன் கோபப்படுவான். கோபப்படட்டும், பதிலுக்கு 412 வெள்ளியை எடுத்து வீசாதீர்கள். அந்தப் பேச்சுக்கு வேறொரு நாள் வையுங்கள். இரண்டும் ஒரே இரவில் வந்தால் மன்னிப்பு காதில் விழாது.

கோபம் தணிந்த பிறகு, அடுத்த நாளோ அடுத்த வாரமோ, ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: ‘தாயனுக்கு மறந்துபோனதெல்லாம் திரும்பக் கிடைக்குமா?’ கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவன் கதையைப் பற்றிப் பேசினால் கதையைப் பற்றியே பேசுங்கள். மாமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், தேநீர் ஆறினாலும் பரவாயில்லை, எழுந்து போகாதீர்கள்.